டைரக்ட் குடுத்துடலாமா, சார்?

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது யார் என்கிற பிரச்னை 2021-ல் ஒரு முடிவுக்கு வந்தது. வந்துவிட்டதாக நான் நினைத்தேன்.

கொரோனா காலத்தில் வேலைக்கார அம்மா வருவது நின்றுபோய், 'ஒரு நாள் நீ, ஒரு நாள் நான்' என்று ஒப்பந்தம் போட்டு, அந்த ஒப்பந்தத்தை நானே பல தடவை மீறி, கடைசியில் மனைவி ஒரு நாள் அடி பிடித்த பால் பாத்திரத்தை என் லேப்டாப் மேலேயே கொண்டுவந்து வைத்துவிட்டாள். அன்று ராத்திரியே டிஷ்வாஷர் ஆர்டர் பண்ணினேன். பயத்தில் செய்கிற காரியம் எப்போதுமே சீக்கிரம் நடக்கும்!

இந்த மிஷினுக்கு மூல காரணமும் ஒரு பெண்மணிதான். அமெரிக்காவில் ஜோசஃபின் காக்ரேன் என்று ஒரு அம்மாள். வீட்டு வேலையாட்கள் தன் பீங்கான் தட்டுகளை உடைக்கிறார்கள் என்று எரிச்சல் பட்டு, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு மிஷின் செய்ய ஆரம்பித்தவர். 1886 டிசம்பரில் பேட்டன்ட் வாங்கினார். 1893-ல் சிகாகோ கண்காட்சியில் வைத்தபோது ஹோட்டல்காரர்கள் வாங்கினார்கள். அது ஓசூருக்கு வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. நம்ம குக்கரையும் இட்லித் தட்டையும் பார்த்து அது மிரண்டதெல்லாம் தனிக் கதை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மார்கழியில் ஒரு காலை. ஓசூர் மார்கழி எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வாயில் புகை விட்டுக்கொண்டுதான் பால் வாங்கப் போக வேண்டும். அந்தக் குளிரில் மனைவி மிஷினைத் திறந்து ஒரு தட்டை எடுத்து என் கன்னத்தில் வைத்தாள்.

ஐஸ் மாதிரி இருந்தது.

"ஏங்க, ராத்திரி பூரா ஓடியிருக்கு. தட்டு சூடே இல்ல. சாம்பார் எண்ணெய் அப்படியே இருக்கு. பவுடர் பாதி கரையவே இல்ல. உங்க மிஷின் சும்மா குளிப்பாட்டி விட்டிருக்கு!"

வாங்கின அன்றைக்கு 'நம்ம மிஷின்'. கெட்டுப்போனால் 'உங்க மிஷின்'. குழந்தை மார்க் வாங்கும்போதும் இதே இலக்கணம்தான்.

ஒரு ஜாண் ஒயர்

வாரன்ட்டி முடிந்து ரொம்ப நாள். கம்பெனி சர்வீஸுக்குப் போன் பண்ணினால், 'மெக்கானிக் பெங்களூரிலிருந்து வர வேண்டும், நாலைந்து நாள் ஆகும்' என்றார்கள். நாலைந்து நாள் பாத்திரம் தேய்ப்பது யார் என்ற பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்துவிடும் என்பதால், எங்கள் தெரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

பேரிகைப் பக்கத்துப் பையன். வீட்டில் தெலுங்கு, நம்மிடம் தமிழ், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போன் பண்ணினால் கன்னடம், ஷாக் அடித்தால் மூன்றும். கெட்டிக்காரன். ப்ளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடி, மிஷினின் கீழ்ப்புறத் தகட்டைக் கழற்றி, மல்ட்டி மீட்டரை வைத்துப் பத்தே நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"ஹீட்டர் நல்லாருக்கு சார். இருபத்தொம்பது ஓம்ஸ் காட்டுது. இந்தக் கட்-அவுட்தான் போயிருச்சு."

அவன் காட்டியது எட்டணா நாணயம் அளவுக்கு ஒரு சமாச்சாரம். தட்டையான தகர முகம், பின்னால் கறுப்பாக ஒரு உடம்பு, இரண்டு காது. ஹீட்டரின் உடம்போடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. ஹீட்டருக்குப் போகிற கரன்ட் இதன் வழியாகத்தான் போக வேண்டும். ஹீட்டர் அளவுக்கு மீறிச் சூடானால் இது கரன்ட்டைத் துண்டித்துவிடும். சூடு ஆறினால் மறுபடி சேர்த்துவிடும். எங்கள் வீட்டுக் கட்-அவுட், துண்டித்தது துண்டித்ததுதான் என்று பிடிவாதமாக நின்றுவிட்டது. சம்பந்தி சண்டை மாதிரி.

இந்தக் கட்-அவுட்டில் மூன்று ஜாதி உண்டு. ஒன்று, தானே துண்டித்துத் தானே சேர்வது. இரண்டாவது, துண்டித்தால் நடுவில் உள்ள குட்டிப் பட்டனை நாம்தான் அமுக்கிவிட வேண்டும். மூன்றாவது, ஒரே தரம்தான். உள்ளே ஒரு மெழுகுக் குண்டு உருகும், ஸ்பிரிங் விலகும், அத்தோடு ஆயுள் முடிந்தது. இது பெயரிலேயே ஃப்யூஸ். ரைஸ் குக்கருக்குள், ட்யூப் மாட்டின ஒயர் நடுவில் பென்சில் துண்டு மாதிரி இருக்குமே, அது. எங்கள் மிஷினில் இருந்தது முதல் ஜாதி.

"பார்ட் இங்க கிடைக்காது சார்" என்றான் பையன். பிறகு, ரொம்பச் சாதாரணமாக, பையிலிருந்து ஒரு ஜாண் ஒயரை எடுத்தான்.

"டைரக்ட் குடுத்துடலாமா, சார்?"

அதாவது, கட்-அவுட்டின் இரண்டு காதுக்கும் வருகிற ஒயரைக் கழற்றி, நேராக ஒன்றோடொன்று முறுக்கி, மேலே டேப் சுற்றிவிடுவது. ஹீட்டர் உடனே வேலை செய்யும். செலவு ஐம்பது ரூபாய். ராத்திரி மிஷின் ஓடும். குடும்ப அமைதி திரும்பும்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வாய் வரைக்கும் 'சரிப்பா' வந்துவிட்டது. இத்தனைக்கும் நான் வேலை பார்ப்பது சிப்காட்டில், க்வாலிட்டி டிபார்ட்மென்ட்டில்!

நாலரை விரல்

அப்போதுதான் எதிர் வீட்டுப் பெரியவர் உள்ளே வந்தார். தெருவில் யார் வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் சத்தம் கேட்டாலும் வந்துவிடுவார். ரிட்டயர் ஆன தொழிலாளி. 1980-களில், சிப்காட் சூடு பிடித்த காலத்தில், கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்து ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்தவர். அந்தக் காலம் ஞாபகமிருக்கும். டிவிஎஸ்-50 இங்கிருந்து ஓட ஆரம்பித்தது, அசோக் லேலண்ட் லாரி வந்தது, பிறகு டைட்டன் கடிகாரம் வந்தது. அவற்றுக்கெல்லாம் சின்னச் சின்னச் சாமான் அடித்துத் தரும் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன.

பெரியவர் அந்த ஒயரைப் பார்த்தார். பிறகு வலது கையை நீட்டிக் காட்டினார். சுட்டு விரல் பாதிதான் இருந்தது. இத்தனை வருஷமாக எதிர் வீட்டில் இருக்கிறேன், கதையை அன்றுதான் கேட்டேன்.

"பவர் பிரஸ்ல ரெண்டு பட்டன் இருக்கும் தம்பி. ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அமுக்கினாதான் பிரஸ் இறங்கும். எதுக்கு? ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா, டைக்குள்ள கை இருக்காதுல்ல. ஆனா அதுல ப்ரொடக்‌ஷன் கம்மி. பீஸ் ரேட்டு காலம். ஒரு பட்டனை அமுக்கி, சைக்கிள் ட்யூப் ரப்பரைச் சுத்திக் கட்டிட்டோம். ஒரு கையால பட்டன், ஒரு கையால பீஸ். ஆறு மாசம் ஒண்ணும் ஆகல. ஆறு மாசமும் நான்தான் நல்ல வேலைக்காரன். ஏழாவது மாசம் ஒரு நாள் நைட் ஷிஃப்ட்ல தூக்கம்."

அவ்வளவுதான் சொன்னார். ஒயரை அந்தப் பையன் கையிலிருந்து வாங்கி, அழகாகச் சுருட்டி, அவன் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார்.

"இது வேலை செய்யலைன்னு சொல்றீங்களே, இது வேலை செஞ்சதாலதான் தம்பி இன்னிக்கு இப்படி நிக்குது" என்றார்.

யோசித்துப் பாருங்கள். ஹீட்டர் 1800 வாட். தண்ணீர் இருக்கிற வரை அந்தச் சூடு தண்ணீருக்குப் போகும். ஒரு ராத்திரி பம்ப் மக்கர் பண்ணுகிறது, தண்ணீர் வரவில்லை என்று வையுங்கள். சூடு போக இடமில்லை. சுற்றிலும் பிளாஸ்டிக், ரப்பர் ட்யூப், ஒயர். கட்-அவுட் இருந்தால் 'டொக்' என்று ஒரு சத்தம், கதை முடிந்தது. டைரக்ட் கொடுத்திருந்தால்? நாம் மிஷினைப் போடுவது எப்போது? ராத்திரி பத்தரைக்கு. போட்டுவிட்டு எங்கே போகிறோம்? தூங்க!

இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1999-லிருந்து 2005 வரை தயாரான பாஷ், சீமென்ஸ், நெஃப் டிஷ்வாஷர்களில் சில மாடல்களில் கன்ட்ரோல் பேனலுக்குள் ஒரு மின் பாகம் சூடாகித் தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்து, கம்பெனியே வாடிக்கையாளர்களைத் தேடித் தேடிச் சரிசெய்து கொடுத்தது. கம்பெனி செய்த மிஷினிலேயே அப்படி என்றால், நாம் டேப் சுற்றின மிஷினை யார் வந்து திரும்ப அழைப்பார்கள்?

கடிகாரத்திலிருந்து வந்த தகடு

அந்தக் குட்டிப் பாகத்தின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். ஓசூர்க்காரன் என்கிற முறையில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஏனென்றால், அது ஒரு கடிகாரக் கதை.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் என்று ஒரு இங்கிலீஷ்காரர். தச்சு வேலை தெரிந்தவர். கப்பலில் பிசகாமல் நேரம் காட்டும் கடிகாரம் செய்வது அவர் வெறி. வெயில் ஏறினால் கடிகாரம் ஒரு மாதிரி ஓடுகிறது, குளிரில் வேறு மாதிரி ஓடுகிறது. என்ன செய்வது? பித்தளைத் தகடு ஒன்று, எஃகுத் தகடு ஒன்று, இரண்டையும் சேர்த்து ஆணி அடித்து ஒன்றாக்கினார். சூடு பட்டால் பித்தளை அதிகம் நீளும், எஃகு குறைவாக நீளும். ஒட்டிப் பிறந்தவர்களில் ஒருவர் மட்டும் வளர்ந்தால் என்ன ஆகும்? வளையும்! அந்த வளைவை வைத்தே கடிகாரத்தின் பிசகைச் சரிக்கட்டினார். அந்த மூன்றாவது கப்பல் கடிகாரத்துக்கு மட்டும் அவர் சுமார் 19 வருஷம் செலவழித்தார். நமக்கு நாலு நாள் காத்திருக்க முடியவில்லை.

அடுத்த கட்டம் அமெரிக்கா. ஜான் ஸ்பென்சர் என்கிறவர் சிறு வயதில் மர ஆலையில் பாய்லருக்கு விறகு போடும் வேலை பார்த்தார். பாய்லரின் சின்ன இரும்புக் கதவு, சூடு ஏறினால் 'டப்' என்று வெளியே உப்பும். சூடு குறைந்தால் 'டப்' என்று உள்ளே போகும். எண்ணெய் டின்னின் அடியை அமுக்கி விளையாடியிருக்கிறோமே, அதே சத்தம். சத்தம் கேட்டால் விறகு போட வேண்டிய நேரம் என்று பையன் கண்டுகொண்டான். பின்னாளில், ஹாரிசனின் இரட்டைத் தகட்டையும் இந்த 'டப்'பையும் சேர்த்து, லேசாகக் குழிந்த ஒரு வட்டத் தகடாகச் செய்தார். குறிப்பிட்ட சூடு வந்தால் தகடு பட்டென்று மறுபக்கம் குழியும். அதோடு ஒட்டின மின் இணைப்பும் பிரியும்.

மெதுவாகப் பிரிந்தால் என்ன என்று கேட்கலாம். மெதுவாகப் பிரிந்தால் இடையில் நெருப்புப் பொறி பறக்கும், முனை கருகும். பட்டென்று பிரிவதால்தான் அது பல ஆயிரம் தடவை தாங்குகிறது. உறவுகளுக்கும் இது பொருந்துமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இன்றைக்கு உங்கள் அயர்ன் பாக்ஸ், கெட்டில், கீஸர், ரூம் ஹீட்டர் எல்லாவற்றிலும் இந்த இரட்டைத் தகடு ஏதாவது ஓர் உருவத்தில் உட்கார்ந்திருக்கிறது. சம்பளம் கேட்காத வாட்ச்மேன்!

எல்லை தாண்டிய பயணம்

சனிக்கிழமை பார்ட் வாங்கப் புறப்பட்டேன். ஓசூர்க்காரனுக்கு எது வேண்டுமானாலும் பெங்களூர்தான். நாற்பது கிலோமீட்டர். ஜூஜுவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, மாநிலம் மாறிவிடும். டிராஃபிக் மட்டும் மாறாது. சில்க் போர்டு ஜங்ஷனில் நிற்கும்போது, ஜான் ஹாரிசனின் 19 வருஷம் ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று தோன்றியது.

எஸ்.பி. ரோடு. சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, பெங்களூருக்கு அப்படி. பழைய கட்-அவுட்டைக் கையில் கொண்டுபோயிருந்தேன். இது முக்கியம். அதன் முதுகில் பொடி எழுத்தில் ஜாதகமே எழுதியிருக்கும். எங்களுடையதில் 85 டிகிரி, 250 வோல்ட், 16 ஆம்பியர். உங்கள் மிஷினில் வேறாக இருக்கலாம். மிஷின் தண்ணீரை 70 டிகிரி வரை சூடாக்கும். அதற்குக் கொஞ்சம் மேலே காவல் வைத்திருக்கிறார்கள்.

முதல் கடையில், "85 இல்ல சார், 110 இருக்கு. சைஸ் ஒண்ணுதான், போட்டுக்கோங்க" என்றார்.

பாருங்கள், இது அந்த ஒரு ஜாண் ஒயரின் சித்தப்பா மகன்! 85-ல் பிரிய வேண்டியது 110 வரை காத்திருந்தால், காவல்காரன் இருக்கிறான், ஆனால் திருடன் போன பிறகுதான் விசில் அடிப்பான். ஆம்பியர் குறைவாக இருந்தாலும் ஆபத்து. 1800 வாட் ஹீட்டர் ஏறக்குறைய எட்டு ஆம்பியர் இழுக்கும். அஞ்சு ஆம்பியர் பாகத்தைப் போட்டால் அதுவே சூடாகும்.

நாலாவது கடையில் கிடைத்தது. விலை ஒரு ஹோட்டல் சாப்பாட்டைவிடக் குறைவு. கடைக்காரர், "பேரே ஏனாத்ரு பேக்கா சார்?" என்றார். வேறென்ன வேண்டும்? பொறுமைதான். அது கடையில் இல்லை.

டொக்!

ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன். பெரியவர் தலைமை, எலெக்ட்ரீஷியன் பையன் டாக்டர், நான் டார்ச் பிடிக்கும் நர்ஸ். செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ப்ளக்கைப் பிடுங்கினோம். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்ச் தப்பான ஒயரில் மாட்டப்பட்ட வீடுகள் நம் ஊரில் நிறைய. தண்ணீர்க் குழாயை மூடினோம். கழற்றுவதற்கு முன் மொபைலில் ஒயர்களைப் படம் பிடித்துக்கொண்டோம். எந்த ஒயர் எந்தக் காதில் என்பது அப்போது நன்றாக ஞாபகம் இருக்கும். பத்து நிமிஷம் கழித்து இருக்காது.

மாட்டுவதற்கு முன் புதுப் பாகத்துக்கு ஒரு பரீட்சை. மல்ட்டி மீட்டரை 'பீப்' சத்தம் வரும் இடத்தில் வைத்து இரண்டு காதிலும் தொட்டால் 'பீப்'. அதாவது இணைப்பு இருக்கிறது. எவர்சில்வர் டம்ளரில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, பாகத்தின் தகர முகத்தை டம்ளரின் வெளிப்புறத்தில் அமுக்கிப் பிடித்தான் பையன். (ஓசூர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 85-ஐப் பரீட்சை செய்ய அது தாராளம்.) கொஞ்ச நேரத்தில்... 'டொக்'. பீப் நின்றது. எடுத்து ஊதினான். மறுபடி 'டொக்'. பீப்! இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், "அப்பா, இன்னொரு தடவை!" என்று ஆறு தடவை செய்ய வைத்தாள். பழைய பாகத்தை எடுத்துப் பார்த்தோம். எத்தனை ஊதினாலும் மௌனம்.

பிறகு பொருத்தினோம். தகர முகம் ஹீட்டர் உடம்பில் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். இடையில் தூசு, காறை இருந்தால் சூடு தெரியாது. ஒயர் முனைகள் இறுக்கமாக இருக்க வேண்டும். லூஸாக இருந்தால் அந்த இடமே சூடாகிக் கருகும். ஒயர் எதுவும் சூடான பாகத்தில் உரசக் கூடாது. கீழ்த் தட்டில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தோம். தகட்டை மூடிய பிறகுதான் ப்ளக்கைச் செருகினோம்.

ஒன்று சொல்ல வேண்டும். மெழுகு ஃப்யூஸ் வகையாக இருந்தால் அதைச் சால்டரிங் வைத்து ஒட்டக் கூடாது. சால்டரிங் சூட்டிலேயே அது உயிரை விட்டுவிடும். அமுக்கிப் பிடிக்கும் கிளிப்தான் போட வேண்டும். வாரன்ட்டி இருக்கிற மிஷினைத் தொடவே வேண்டாம். மின்சார வேலை பழக்கமில்லாதவர்கள் டார்ச் பிடித்தால் போதும். என்னைப் போல.

மிஷின் ஓடியது. ஒரு மணி நேரம் கழித்து மனைவி ஒரு தட்டை எடுத்து என் கன்னத்தில் வைத்தாள். இந்தத் தடவை சுட்டது. ஓசூர் மார்கழியில் அது எவ்வளவு சுகம் தெரியுமா!

ஐந்து 'ஏன்?'

'சரி, முடிந்தது' என்று எழுந்தேன். பெரியவர் எழவில்லை.

"பார்ட்டை மாத்திட்டீங்க. அது ஏன் போச்சுன்னு பார்த்தீங்களா?"

வெட்கமாகிவிட்டது. டொயோட்டா கம்பெனியில் டாயிச்சி ஓனோ என்கிற பெரியவர் பரப்பிய முறை ஒன்று உண்டு. ஒரு கோளாறு வந்தால் ஐந்து தடவை 'ஏன்?' கேள். அதை ஆபீஸில் புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். க்வாலிட்டி என்பது எங்கள் ஊரில் வெறும் போஸ்டர் இல்லை. 2002-ல் டிவிஎஸ் மோட்டார் ஜப்பானின் டெமிங் பரிசையே வாங்கியது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு 'ஏன்'கூட நான் கேட்கவில்லை. மனைவி கேட்டாள். நான் பதில் சொன்னேன்.

"தட்டு ஏன் சூடாகல?"

"ஹீட்டருக்குக் கரன்ட் போகல."

"ஏன் போகல?"

"கட்-அவுட் அடிக்கடி துண்டிச்சுத் துண்டிச்சு, முனை தேஞ்சு கடைசியில செத்துப்போச்சு."

"ஏன் அடிக்கடி துண்டிச்சுது?"

"ஹீட்டர்ல வெள்ளையா உப்புக் காறை. சூடு தண்ணிக்குப் போகாம ஹீட்டர்லயே நின்னு, அது தாறுமாறாச் சூடாச்சு."

"ஏன் காறை பிடிச்சுது?"

"நம்ம போர்வெல் தண்ணி கடின நீர். சூடு பண்ணினா அதுல கரைஞ்சிருக்கிற சுண்ணாம்பு பிரிஞ்சு ஒட்டிக்கும்."

"அதுக்குத்தானே மிஷின்ல உப்புப் போட ஒரு ஓட்டை வச்சிருக்கான்? அதுல ஏன் உப்புப் போடல?"

ஐந்தாவது 'ஏன்'. சபையில் நிசப்தம். வாங்கின நாளிலிருந்து அந்த உப்பு விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. 'அது சும்மா அலங்காரத்துக்கு' என்று மூன்று வருஷமாகச் சொல்லி வந்தவன் நான்தான்.

மேனுவலை எடுத்துத் தூசு தட்டிப் படித்தேன். மிஷினுக்குள் ரெஸின் மணிகள் நிரம்பிய ஒரு டப்பா இருக்கிறது. அது தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். கொஞ்ச நாளில் மணிகள் நிரம்பிவிடும். அப்போது உப்புக் கரைசல் அதைக் கழுவி மறுபடி பழைய பலத்துக்குக் கொண்டுவரும். அதற்கு டிஷ்வாஷர் உப்பு என்றே கல் கல்லாக விற்கிறார்கள். சமையல் தூள் உப்பைப் போடக் கூடாது. அது கட்டாமல் இருக்கச் சேர்க்கிற பொருட்கள் மணிகளை அடைத்துவிடும்.

இந்தத் தர்மபுரி, கிருஷ்ணகிரிச் சீமைக்கும் தண்ணீருக்கும் பழைய கணக்கு. இங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடும் அதிகம். பல்லில் பழுப்புக் கோடு விழுந்த தலைமுறைகளே உண்டு. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் குடிக்கக் கிடைக்கிறது. ஆனால் ஓவர்ஹெட் டேங்க்கில் ஏறுவது இன்னமும் பல வீடுகளில் போர்வெல்லும் லாரித் தண்ணீரும்தான். நாம் குடிக்கத் தயங்கும் தண்ணீரை மிஷின் மட்டும் வாய் திறக்காமல் குடித்துக்கொண்டிருக்கிறது.

எலுமிச்சை உப்பு வாங்கி வந்து, காலி மிஷினில் போட்டுச் சூடான தண்ணீரில் ஓட்டினோம். காறை கரைந்து வெள்ளையாக வெளியே போனது. (பிளீச்சிங் சமாச்சாரம் எதையும் அதோடு கலக்காதீர்கள். விஷ வாயு வரும்.) உப்பும் போட்டேன். சிவப்பு விளக்கு அணைந்தது. அது அணைந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இன்னொரு வாட்ச்மேன்

கதை இங்கே முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். பெரியவர் போகும்போது, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்:

"பாத்ரூம் கீஸரையும் ஒரு தடவை திறந்து பாத்துடுங்களேன். அதுலயும் இதே தண்ணிதானே?"

வாடகை வீடு. கீஸர் எங்களுக்கு முன்பே இருந்தது. ஓசூரில் கீஸர் இல்லாத வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வராது. பையன் மெயினை அணைத்துவிட்டு, ஏணி போட்டு ஏறி, அடி மூடியைக் கழற்றினான். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "சார், நீங்களே பாருங்க" என்று இறங்கினான்.

உள்ளே கட்-அவுட் இருந்தது. ஆனால் அதன் காதுகளில் ஒயர் இல்லை. இரண்டு ஒயரையும் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தது. டேப் உருகிப் பழுப்பாகியிருந்தது. எங்களுக்கு முன்னால் குடியிருந்த யாரோ ஒருவர், இதே மாதிரி ஒரு குளிர் காலையில், ஆபீஸுக்கு நேரமாகிறது என்று, 'சரிப்பா, டைரக்ட் குடு' என்று சொல்லியிருக்கிறார். ஐம்பது ரூபாய் வேலை.

அந்த வீட்டில் நாங்கள் நாலு வருஷமாக இருக்கிறோம். தினம் காலை ஏழரைக்கு அந்தக் கீஸரின் அடியில் நின்று குளிக்கிறவள் என் மகள்.

கீஸருக்கு நாலு காவல் உண்டு. சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட். அது தவறினால் துண்டிக்கும் கட்-அவுட். அதுவும் தவறினால் உருகி வழிவிடும் ஃப்யூஸ் பிளக். கடைசியாக, அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு. ஒருவர் தூங்கினால் அடுத்தவர் விழித்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் வீட்டில் ஒருவரைக் கட்டிப் போட்டிருந்தார்கள். வால்வு காறை பிடித்து இறுகியிருந்தது. மூடி மூடியே இருந்ததால், நாலு வருஷமாகத் தண்ணீர் சுகமாகச் சூடாக வந்துகொண்டிருந்தது.

பெரியவரின் ஆறு மாசம் ஞாபகம் வந்தது.

அன்றைக்கே கீஸருக்கு ஓய்வு கொடுத்தோம். இரண்டு நாள் அடுப்பில் வெந்நீர். வீட்டுக்காரரிடம் உருகின டேப்பின் படத்தைக் காட்டியதும் அவரே புதுக் கட்-அவுட்டும் வால்வும் போட்டுக் கொடுத்தார். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே டிரிப் ஆகும் ஆர்.சி.சி.பி.யும் வைத்தோம்.

இப்போது எங்கள் தெருவில் ஒரு புது வழக்கம். புது வீட்டுக்குக் குடி வருகிறவர்கள் பால் காய்ச்சுகிறார்களோ இல்லையோ, அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கீஸர் மூடியைத் திறந்து பார்க்கிறார்கள். அவனும் மாறிவிட்டான். பையில் இப்போது அரை டஜன் கட்-அவுட் வைத்திருக்கிறான். யாராவது அவசரப்பட்டு, "ஏம்ப்பா, டைரக்ட் குடுத்துடேன்" என்றால், "எங்க தெருவுல ஒரு பெரியவர் கையைப் பாத்துட்டு வாங்க சார், அப்புறம் குடுக்கறேன்" என்கிறானாம்.

நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆளைக் கூப்பிட்டு உங்கள் கீஸரைத் திறந்து பாருங்கள். ஒயர் எங்கே போக வேண்டுமோ அங்கேதான் போகிறதா என்று மட்டும் கேளுங்கள். பத்து நிமிஷ வேலை.

டிஷ்வாஷர் நன்றாக ஓடுகிறது. மனைவி அதன் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை'. யார் உப்புப் போட வேண்டும் என்பது சீட்டில் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை!